சிக்னல் எட்டாத மண்டபத்தில் போன் திரையை டிவிக்கு ஏற்றியது

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். அங்கே மாரியம்மன் கோயிலை ஒட்டியிருக்கும் பொது மண்டபத்தில் 32 அங்குல டிவி ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது. ஸ்மார்ட் டிவி அல்ல. பின்னால் இரண்டு எச்டிஎம்ஐ ஓட்டை, ஒரு யூஎஸ்பி ஓட்டை, ஹெட்போனுக்கு ஒரு ஓட்டை, ஆன்டெனாவுக்கு ஒரு ஓட்டை. அவ்வளவுதான் அதன் சொத்து. கிரிக்கெட் மேட்ச் நாளைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. மாலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு அங்கே கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுக்கிற டீச்சர், ஹட்டனில் என் கடைக்கு போன் கண்ணாடி மாற்ற வந்தபோது கேட்டார்: "தம்பி, என் போன்ல இருக்கிறத அந்த டிவில காட்டலாமா? பிள்ளைங்க அத்தன பேரும் ஒரே போனுக்குள்ள தலைய விடுறாங்க."

காட்டலாம். எந்த வழியில் என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

வயர்தான் முதலில் நினைவுக்கு வரும். டைப்-சி ஓட்டையிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகிற கேபிள் டவுனில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் டைப்-சி இருக்கிற எல்லா போனும் அந்த வழியாகப் படத்தை வெளியே விடாது. அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி போனுக்குள் இருக்க வேண்டும். சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசை மாதிரி விலை கூடிய போன்களில் அது இருக்கும். டீச்சரிடம் இருப்பது போன்ற நடுத்தர விலை போன்களில் பெரும்பாலும் இருக்காது. கேபிளை வாங்கி மாட்டிவிட்டு "படம் வரலையே" என்று கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி உண்டு. கேபிளில் குறை இல்லை. போனுக்குள் அந்தப் பாதையே போடப்படவில்லை.

வயர் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த மண்டபத்தில் போனுக்கு சிக்னல் எடுக்கிறது ஒரே இடத்தில்தான்: பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கிற கடைசி ஜன்னல். அந்தத் திட்டில் போனை வைத்தால் இரண்டு கோடு தெரியும். ஓரடி உள்ளே இழுத்தால் ஒன்றும் இல்லை. டிவியோ எதிர்ச் சுவரில். நடுவில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகள். வயரை இழுத்தால் யாராவது தடுக்கி விழுவது நிச்சயம். ஆக, போன் ஜன்னலில், படம் சுவரில், இடையில் ஒன்றும் இல்லை என்கிற ஏற்பாடுதான் தேவை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்கு வருகிற பாதிப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். போனில் இருப்பதை டிவிக்கு அனுப்ப இரண்டு வழி உண்டு. ஒன்று, 2013இல் வந்த குரோம்காஸ்ட் மாதிரியானது. யூடியூப்பில் காஸ்ட் பட்டனை அழுத்தினால் போன் அந்த வீடியோவை அனுப்புவதில்லை. "இந்த வீடியோவைப் போடு" என்று விலாசம் மட்டும் சொல்கிறது. வீடியோவை டிவிப் பக்கத்துக் கருவி நேரே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். அதன் பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் டிவி இருக்கும் இடத்தில் நல்ல வைஃபையும் இணையமும் வேண்டும், கருவியை முதலில் செட் பண்ணவும் இணையம் வேண்டும்.

மற்றது மிராகாஸ்ட். வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பு 2012இல் கொண்டுவந்த முறை. இதில் போன் தன் திரையில் தெரிவதை அப்படியே நொடிக்கு நொடி சுருக்கி, வைஃபை டைரக்ட் வழியாக டிவிப் பக்கத்துக்கு நேரே வீசுகிறது. ரவுட்டர் வேண்டாம், இணையம் வேண்டாம், ரீலோட்டும் வேண்டாம். பழைய கேள்வித்தாள் பிடிஎஃப், கேலரிப் படம், டவுனில் இறக்கி வைத்த வீடியோ, எதுவானாலும் போகும். போனின் சிம் டேட்டாவும் அதே நேரத்தில் தன் பாட்டில் ஓடும், ஏனென்றால் அது வேறு அலை, வேறு ரேடியோ. அந்த மண்டபத்துக்கு இதைவிட்டால் வேறில்லை.

டிவியில் மிராகாஸ்ட் இல்லாததால் எச்டிஎம்ஐயில் குத்துகிற சின்ன டொங்கிள் ஒன்றை எடுத்தேன். விரல் நீளம்தான். ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, பின்னால் மின்சாரத்துக்கு யூஎஸ்பி வயர், பக்கவாட்டில் ஒரு குட்டிப் பட்டன். இந்த வகையில் பல பெயர்களில் வருகிறது. உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

கடை மேசையில் பழைய மொனிட்டர் ஒன்றில் மாட்டிப் பார்த்தேன். லோகோ வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தது. இது பழக்கமான நோய். மின்சாரத்தை மொனிட்டரின் யூஎஸ்பி ஓட்டையிலிருந்து கொடுத்திருந்தேன். யூஎஸ்பி 2.0 ஓட்டை ஒன்று தர வேண்டியது 500 மில்லி அம்பியர்தான். டொங்கிளோ வைஃபையைத் திறக்கும் நொடியில் அதற்கு மேல் கேட்கிறது. யூஎஸ்பி மீட்டரை நடுவில் போட்டதும் தெளிவாகத் தெரிந்தது: 5 வோல்ட்டில் நின்ற எண், லோகோ வந்து வைஃபை கிளம்புகிற அந்தக் கணத்தில் 4.4க்குச் சரிகிறது, டொங்கிள் செத்து மறுபடி பிறக்கிறது. சாதாரண போன் சார்ஜர் ஒன்றை, 1 அம்பியருக்குக் குறையாதது, சுவர் ப்ளக்கில் போட்டு அதிலிருந்து கொடுத்தேன். அப்புறம் அந்தத் தொல்லை இல்லை. டிவியின் யூஎஸ்பியில் சொருகினால் ஒரு ப்ளக் மிச்சம் என்று நினைக்கத் தோன்றும். தோன்றினாலும் செய்ய வேண்டாம்.

மின்சாரம் சரியான பிறகும் படம் விக்கியது. பாட்டு வீடியோ ஒன்று ஓடும், சதுரம் சதுரமாக உடையும், பிறகு சேரும். சுற்றியுள்ள வைஃபைகளை வளைகோடுகளாகக் காட்டும் வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்து பார்த்தால் ஆச்சரியமில்லை. கடைக்கு மேலேயும் கீழேயும் பக்கத்திலும் உள்ள கடைகள், பேங்க், டியூஷன் வகுப்பு, எல்லாருடைய ரவுட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் குந்தியிருக்கின்றன. அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. மூன்றும் நிறைந்து வழிந்தது. இந்த மலிவு டொங்கிளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது. புளூடூத் ஸ்பீக்கரும் அதே 2.4இல்தான் பேசுகிறது என்பதால் பக்கத்துக் கடைப் பாட்டும் சேர்ந்து இடைஞ்சல்.

போன் கடையின் வைஃபையில் இணைந்திருந்ததும் ஒரு காரணம். ரவுட்டர் ஒரு சேனலிலும் டொங்கிள் வேறு சேனலிலும் இருந்தால், போனில் உள்ள ஒரே வைஃபை ரேடியோ இரண்டுக்கும் மாறி மாறி ஓட வேண்டும். கடை வைஃபையைத் துண்டித்து, வைஃபை சுவிட்சை மட்டும் ஓனில் விட்டு, சிம் டேட்டாவில் ஓட்டியதும் பாதி விக்கல் நின்றது. மீதிப் பாதி டவுனின் காற்றில் இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

சனிக்கிழமை டொங்கிளோடு தோட்டத்துக்குப் போனோம். மண்டபத்தைத் திறந்துவிட்ட தோட்டத் தலைவர் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார், "தம்பி, இங்கன சிக்னலே எடுக்காது. இது எப்பிடி ஓடும்?"

"சிக்னல் இல்லாததாலதாங்க நல்லா ஓடும்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். ஆனால் ஒரு விதத்தில் உண்மைதான்: இடைஞ்சல் செய்கிற மற்றவர்களின் வைஃபையும் இங்கே இல்லை. அனலைசர் ஆப்பைத் திறந்து அவரிடம் காட்டினேன்: டவுனில் புதர் மாதிரி மண்டிக் கிடந்த வளைகோடுகள் இங்கே இல்லை. கீழ் லயத்தில் யாரோ போட்டிருந்த ஹொட்ஸ்பொட் ஒன்று மட்டும் மங்கலாகத் தெரிந்தது. காற்று முழுக்கக் காலி. டவரிலிருந்து வரும் சிக்னலுக்கும், போனிலிருந்து டிவிக்குப் போகும் வைஃபைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஹட்டனில் மூச்சுத் திணறிய அதே டொங்கிள் இங்கே தங்குதடையில்லாமல் ஓடியது.

மாட்டுவதில் மட்டும் கொஞ்சம் வேலை இருந்தது. டிவி இரும்புத் தாங்கியில் சுவரோடு ஒட்டி நிற்கிறது. டொங்கிளை நேரே பின்னால் குத்தினால் முன்னால் டிவியின் உலோகத் தகடு, பின்னால் இரும்புத் தாங்கி, நடுவில் அது புதைந்து போகும். சாண் நீள எச்டிஎம்ஐ எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று போட்டு, டொங்கிளை டிவியின் மேல் விளிம்புக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளுக்குத் தெரியாத மாதிரி இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினேன். ஓட்டைக்கும் இது நல்லது. டொங்கிளின் பாரம் எச்டிஎம்ஐயில் தொங்கினால் நாளடைவில் உள்ளே இருக்கும் பல் தளர்ந்துவிடும்.

இணைப்பது சுலபம். டீச்சரின் போன் சாம்சங். மேலிருந்து இழுத்தால் வருகிற பட்டன்களில் ஸ்மார்ட் வியூ என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் டிவித் திரையில் தெரியும் டொங்கிளின் பெயர் பட்டியலில் வரும். தொட்டால் கேட்கும், சரி என்றால் வந்துவிடும். ரெட்மி போன்களில் இது காஸ்ட் என்ற பெயரில் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதால், செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் காஸ்ட் என்றோ மிரர் என்றோ அடித்துத் தேடுவது நல்லது.

வகுப்பு தொடங்கி, வாங்குகள் நிறைந்ததும் படம் லேசாக விக்கியது. காலி மண்டபத்தில் வராத விக்கல். ஜன்னல் திட்டுக்கும் டிவிக்கும் நடுவில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். போனை ஜன்னலின் மேல் சட்டத்துக்குப் பக்கத்தில், தலைகளுக்கு மேலே வைத்துப் பார்த்ததும் சரியாகிவிட்டது. கம்பியில் மாட்டும் போன் கிளிப் ஒன்று அதற்குப் போதும். சிக்னல் கோடும் அங்கே ஒன்று கூடியது, கேட்காமல் கிடைத்த லாபம்.

டீச்சர் இப்போது பிள்ளைகளுக்குப் பின்னால், ஜன்னலோரம் நிற்கிறார். அவர்கள் டிவியைப் பார்க்கிறார்கள். இவர் அவர்களுடைய கொப்பிகளைப் பார்க்கிறார். யார் எழுதுகிறார், யார் எழுதுவது போல் நடிக்கிறார் என்று பின்னாலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிறதாம்.

எழுத்து சின்னதாக இருக்கிறது என்று கடைசி வாங்கிலிருந்து முறைப்பாடு வந்தது. இது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். 32 அங்குல டிவியின் திரை சுமார் 71 சென்ரிமீற்றர் அகலம், 40 சென்ரிமீற்றர் உயரம். இப்போதைய போன்கள் பல 20க்கு 9 என்ற நீட்டு அளவு. போனை நிமிர்த்திப் பிடித்தபடி பிடிஎஃப் காட்டினால், டிவியின் நடுவில் 18 சென்ரிமீற்றர் அகலப் பட்டை மட்டும்தான் தெரியும். மீதி எல்லாம் கறுப்பு. சரித்துப் பிடித்தால் முழு அகலமும் நிறையும், மேலும் கீழும் நாலு நாலு சென்ரிமீற்றர் மட்டும் போகும். ஆக, ஓட்டோ ரொட்டேட்டை முதலில் போட்டுவிட வேண்டும். ஒரு தடவையில் ஒரு கேள்வியை மட்டும் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். டிவி ஓரங்களை வெட்டினால் அதன் பிக்சர் செட்டிங்கில் திரை அளவை முழுத் திரைக்கு மாற்றினால் போதும்.

இந்த வேலையில் எனக்கே எதிர்பாராமல் பிடித்துப்போனது வீடியோ அல்ல, காமெரா. டீச்சர் கேட்டது கேத்திரகணித அமைப்புகளைக் காட்ட ஒரு வீடியோ. வீடியோ எதற்கு? காமெரா ஆப்பைத் திறந்தால் அதுவும் திரைதானே, அதுவும் டிவிக்குப் போகும். இரண்டு ஜாம் போத்தலுக்கு மேலே ஒரு அடிமட்டத்தைக் குறுக்காகப் போட்டு, அதன் மேல் போனைத் திரை மேலே பார்க்க, பின் காமெரா அடிமட்டத்துக்கு வெளியே நீட்டிக் கீழே பார்க்கிற மாதிரி படுக்க வைத்தோம். கீழே கொப்பி. கவராயத்தின் முள் ஏபி என்ற கோட்டின் நுனியில் குத்துகிறது, பென்சில் வில்லை வரைகிறது. அந்த முள்ளின் ஓட்டை கூட டிவியில் பட்டாணி அளவுக்குத் தெரிகிறது. கரும்பலகையில் மரக் கவராயத்தால் வரையும்போது டீச்சரின் முதுகுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். இங்கே கை மட்டும் தெரிகிறது. ஒரு பையன் இருசமவெட்டிச் செங்குத்தை வரைந்தான். வில்கள் இரண்டும் வெட்டிக்கொள்ளாமல் போனதும் "பாதிக்கு மேல திறக்கணும்டா" என்று பின் வாங்கிலிருந்து சத்தம் வந்தது. இதற்கு டேட்டா ஒரு துளியும் செலவில்லை. சிக்னலும் வேண்டாம் என்பதால் ஜன்னலை விட்டு மேசைக்கே வந்துவிடலாம்.

அதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் பல போன்களில் காமெரா தானாக மூடிக்கொள்ளும். வீடியோ பதிவை ஓட விட்டால் மூடாது; வகுப்பு முடிந்ததும் அந்தப் பதிவை அழித்துவிடலாம். திரை அணையும் நேரத்தையும் கூட்டி வைக்க வேண்டும், திரை அணைந்தால் டிவியும் இருண்டுவிடும். இத்தனையும் ஒன்றாகச் செய்வதால் போன் சூடாகும், பெட்டரி வேகமாக இறங்கும். பவர் பேங்க் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

திரையில் தெரிவதெல்லாம் டிவிக்குப் போகும் என்றேன். எல்லாம் என்றால் எல்லாம்தான். வாட்ஸ்அப் செய்தி மேலே எட்டிப் பார்த்தால் அதையும் வகுப்பே வாசிக்கும். கடன் கேட்டு வந்த செய்தியைப் பிள்ளைகள் உரத்து வாசித்தால் அப்புறம் பாடம் நடத்தின மாதிரிதான். தொடங்குமுன் டு நொட் டிஸ்டர்ப் போட்டுவிடுங்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: பேங்க் ஆப்களும் நெட்ஃபிளிக்ஸ் போன்றவையும் போனில் தெரியும், டிவியில் கறுப்பாக இருக்கும், சத்தம் மட்டும் கேட்கலாம். அது டொங்கிளின் கோளாறு அல்ல. திரையை நகலெடுக்க விடாதே என்று அந்த ஆப்பே தடுத்து வைத்திருக்கிறது. "படம் பார்க்க முடியலையே" என்று தலைவரின் மகன் கேட்டதற்கும் இதுதான் பதில்.

எல்லா போனும் ஏறவில்லை. விலை குறைந்த சில சாம்சங் மாடல்களில் ஸ்மார்ட் வியூவே இல்லை. கூகுளின் பிக்சல் போன்களில் மிராகாஸ்ட் கிடையாது, கூகுள் காஸ்ட் மட்டும்தான். ஐபோனும் மிராகாஸ்ட் பேசாது. அதற்கு ஆப்பிளின் ஏர்ப்ளே வேண்டும். டொங்கிளின் அந்தக் குட்டிப் பட்டனை அழுத்தினால் ஏர்ப்ளே பக்கத்துக்கு மாறும், ஐபோனை டொங்கிளின் வைஃபையில் இணைத்து ஸ்கிரீன் மிரரிங் கொடுக்கலாம். கொழும்பில் வேலை செய்யும் ஒருவர் லீவில் வந்தபோது தன் ஐபோனில் முயன்றார். வந்தது, ஆனால் டீச்சரின் போனுக்கு மறுபடி பட்டனை அழுத்தி மாற்ற வேண்டியிருந்தது. தினசரி பாவனைக்கு ஆன்ட்ரொய்டோடு நின்றுவிடுவது நிம்மதி.

டொங்கிள் இல்லாமல் விண்டோஸ் லெப்டொப் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வழி சொல்கிறேன். செட்டிங்ஸில் ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்ற இடத்தில் வயர்லெஸ் டிஸ்ப்ளே என்பதைச் சேர்த்துக்கொண்டால், லெப்டொப்பே மிராகாஸ்ட் வாங்கும் பெட்டியாகிவிடும், அதன் வைஃபை இடம் கொடுத்தால். பிறகு லெப்டொப்பிலிருந்து டிவிக்கோ புரொஜெக்டருக்கோ எச்டிஎம்ஐ வயர். அந்த வசதியைச் சேர்க்கும்போது மட்டும் இணையம் வேண்டும், அதனால் டவுனிலேயே செய்துகொண்டு போங்கள்.

மிச்சமிருப்பது சத்தம். தகரக் கூரையில் மழை இறங்கினால் டிவி ஸ்பீக்கர் இருக்கிறதே தெரியாது, இந்தப் பக்கம் மழையும் கேட்டுக்கொண்டு வராது. மிராகாஸ்டில் சத்தமும் படத்தோடு டிவிக்கே போகிறது என்பதால், டிவியின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து கோயிலின் ஒலிபெருக்கி ஆம்புக்கு ஒரு வயர் இழுத்தோம். மழைக்கு மேலே கேட்கிறது. ஆனால் பாடம் நிற்கும்போதெல்லாம் "ம்ம்" என்று ஒரு இரைச்சல். டிவியில் மாட்டியிருக்கும் ஆன்டெனா வயரைக் கழற்றினால் குறைகிறது, அதனால் இரைச்சல் எர்த் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று நினைக்கிறேன். இடி மழைக் காலத்தில் அந்த ஆன்டெனா வயரையும் சார்ஜரையும் எப்படியும் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். அடுத்த தடவை போகும்போது நடுவில், அந்தச் சுற்றை வெட்டிவிடுகிற கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும்.